கோப்புக்கு எண் போடுவது யார்? ஐநோடு பழகுவோருக்கு ஒரு செய்முறை

எங்கள் அப்புச்சிக்குக் கொடுமுடிப் பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் வயலும் மேட்டில் கொஞ்சம் காடும் இருந்தன. மேட்டில் இருந்த ஒரு துண்டை அவர் ‘வேப்பமரத்துக் காடு’ என்பார். அம்மாயி அதையே ‘பழைய கிணற்றுக் காடு’ என்பார். ஆட்டுக்காரர்கள் மூன்றாவதாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பத்திரம் எழுதப் போன அன்று இந்தப் பெயர்களில் ஒன்றுகூட எடுபடவில்லை. “சர்வே எண் என்னங்க?” என்று கேட்டார் பத்திர எழுத்தர். எண்ணைச் சொன்னதும், “எந்தக் கிராமம்?” என்றார். அதே எண் பக்கத்துக் கிராமத்திலும் இருக்கும் அல்லவா?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நடைமுறையும் கிட்டத்தட்ட இதுதான். நாம் கோப்புக்கு வைக்கும் பெயர், கோப்புறையில் ஒரு வரி. அந்த வரியில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதற்குப் பிறகு கெர்னல் எண்ணைத்தான் பார்க்கும். அந்த எண்ணுக்குரிய பதிவேட்டுப் பக்கத்தின் பெயர் ஐநோடு. கோப்பு யாருடையது, யார் படிக்கலாம், எத்தனை பைட், கடைசியாக எப்போது மாறியது, எத்தனை பெயர்கள் அதைச் சுட்டுகின்றன, தரவு டிஸ்க்கில் எந்தெந்த பிளாக்குகளில் (சம அளவுத் துண்டுகளில்) கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். கோப்பின் பெயர் மட்டும் இருக்காது.

ஐநோடு எண்ணைக் கோப்பின் நிரந்தர அடையாளம் என்று மனப்பாடம் செய்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், அதற்குரிய பலனையும் அனுபவித்தேன். அந்தக் கதை பின்னால் வரும். ஓர் ஐநோடு எண்ணைப் பார்த்ததும், இதைக் கொடுத்தது யார், அவர் அதை எங்கே எழுதி வைத்திருக்கிறார் என்று கேட்கப் பழகுங்கள். கீழே உள்ள செய்முறை முழுவதும் அந்தக் கேள்விக்காகத்தான்.

வேண்டியவை: லினக்ஸ் ஓடும் ஒரு கணினி (மெய்நிகர் கணினியாக இருந்தாலும் போதும்), அதில் நிர்வாகி உரிமை, ஃபேட்32 முறையில் வடிவமைத்த ஒரு பென் டிரைவ், ஒரு சாயங்காலம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் எண்ணைப் பாருங்கள்

உங்கள் வீட்டுக் கோப்புறையில் ‘டச்’ கட்டளையால் ‘மஞ்சள்’ என்று ஒரு காலிக் கோப்பை உருவாக்குங்கள். ‘எல்எஸ்’ கட்டளையோடு ‘ஐ’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பெயருக்கு முன்னால் எண் வரும். என் கணினியில் 131085 வந்தது. இதை ஒரு தாளில் குறித்து வையுங்கள், பிறகு வேண்டும்.

இப்போது ‘எம்வி’ கொடுத்துப் பெயரை ‘விரலி’ என்று மாற்றுங்கள். எண் மாறியிருக்காது. ‘எல்என்’ கட்டளையால் அதற்கு ‘கிழங்கு’ என்று இரண்டாவது பெயர் வையுங்கள். இரண்டு பெயர்களுக்கும் ஒரே எண். ‘ஸ்டாட்’ கட்டளையில் இணைப்புகளின் எண்ணிக்கை 2 என்று காட்டும். அப்புச்சி சொன்ன பெயரும் அம்மாயி சொன்ன பெயரும் ஒரே சர்வே எண்ணுக்குப் போன கதைதான். ‘சிபி’ கொடுத்து நகலெடுத்தால் வேறு எண்; அது வேறு கோப்பு.

இதுவரை எதிர்பார்த்ததுதான். அடுத்தது பலரைத் தடுமாற வைக்கும். ‘விரலி’ கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு, அதன்மேல் ‘செட்’ கட்டளையை அதன் ‘ஐ’ விருப்பத்தோடு இயக்கி, அந்த வரியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். பெயர் அதே பெயர், எண் மட்டும் மாறியிருக்கும்! ‘செட்’ பழைய கோப்பைத் தொடுவதில்லை. புதிதாக ஒன்றை எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடுகிறது. உரைத் திருத்திகள் பலவும் சேமிக்கும்போது இதைத்தான் செய்கின்றன. ‘கிழங்கு’ என்ற பெயரைத் திறந்து பாருங்கள், அங்கே பழைய வரி அப்படியே இருக்கும்.

கோப்புறை என்று நாம் பெரிதாக நினைப்பது இந்த வரிகளின் பட்டியல்தான். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு வரியின் தலைப்பகுதி 8 பைட்: ஐநோடு எண்ணுக்கு 4, வரியின் நீளத்துக்கு 2, பெயரின் நீளத்துக்கு 1, கோப்பின் வகைக்கு 1. அதற்குப் பின்னால் பெயர். எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கு 3 பைட் பிடிக்கும். ‘மஞ்சள்’ என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 6 குறியீடுகள், ஆக 18 பைட். மொத்தம் 26, நான்கின் மடங்காக்கினால் 28 பைட். பெயருக்கு உச்சவரம்பு 255 பைட் என்பதால் தமிழில் 85 குறியீடுகள்வரை போகலாம். 1970களின் யூனிக்ஸில் ஒரு வரிக்கே 16 பைட்தான் இருந்தது: எண்ணுக்கு 2, பெயருக்கு 14. யூடிஎஃப்-8 அன்று கிடையாது. இருந்திருந்தால் ‘கோவை’ 12 பைட்டில் உள்ளே நுழைந்திருக்கும். ‘கரூர்’ 15 பைட் ஆகி, ஒரே ஒரு பைட்டுக்காக வாசலில் நின்றிருக்கும்.

ஒரு புது நிலத்தை அளந்து கல் நடுங்கள்

எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க, ஒன்றுமே எழுதாத கோப்பு முறைமை வேண்டும். ‘ட்ரங்கேட்’ கட்டளையால் 1 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பை உருவாக்குங்கள். உள்ளே எதுவும் எழுதப்படாததால் அது உண்மையில் டிஸ்க் இடத்தை அடைத்துக்கொள்ளாது. அதை ஒரு டிஸ்க்காகப் பாவித்து ‘எம்கேஎஃப்எஸ்’ கட்டளையால் எக்ஸ்ட்4 ஆக வடிவமைக்க வேண்டும். வடிவமைக்கும்போது பிளாக் அளவு 4096 என்று சொல்லுங்கள். ‘ஃப்ளெக்ஸ் பிஜி’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள் (பெரிய ‘ஓ’ விருப்பத்தில் அந்தப் பெயருக்கு முன்னால் தொப்பிக் குறி (^) போட்டால் அணையும்). அந்த வசதி குழுக்களை ஒன்றுசேர்த்துக் கட்டிவிடுவதால், நாம் பார்க்க வேண்டியது மறைந்துபோகும். அன்றாடப் பயன்பாட்டுக்கு அது நல்ல வசதிதான். இங்கே மட்டும் வேண்டாம்.

வடிவமைத்ததும் 262144 பிளாக்குகள், 65536 ஐநோடுகள் என்று திரையில் வரும். அந்த 65536 எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு 16384 பைட்டுக்கும் ஓர் ஐநோடு என்பது வழக்கமான விகிதம். 1 ஜிபியை 16384 ஆல் வகுத்துப் பாருங்கள்.

எக்ஸ்ட்4 இந்த நிலத்தை ஒரே துண்டாக வைத்துக்கொள்வதில்லை, பிளாக் குழுக்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் எந்த பிளாக் காலி, எது பிடித்தது என்று 0, 1 என்று குறிக்க ஒரு பிட்மேப் உண்டு; அதற்கு ஒரு பிளாக் மட்டுமே ஒதுக்கீடு. 4096 பைட்டில் 32768 பிட்கள், பிளாக்குக்கு ஒரு பிட். ஆக ஒரு குழுவில் 32768 பிளாக்குகள், அதாவது 128 எம்பி. நம்முடைய 1 ஜிபியில் அப்படி 8 குழுக்கள், குழுவுக்கு 8192 ஐநோடுகள். ஓர் ஐநோடு 256 பைட் என்பதால், குழுவுக்கு 2 எம்பி ஐநோடு அட்டவணைக்கே போய்விடும். யாரும் ஒரு கோப்புகூட எழுதும் முன்பே இந்த இடம் அளந்து ஒதுக்கப்பட்டுவிட்டது. சர்வே செய்து கல் நட்டாகிவிட்டது, குடியேற ஆள் வர வேண்டியதுதான் பாக்கி.

அதை ஒரு கோப்புறையில் ‘மவுண்ட்’ செய்து (அதாவது இணைத்து) உள்ளே ‘எல்எஸ்’ பாருங்கள் (இங்கே எழுதுவதற்கு ‘சுடோ’ தேவைப்படும்). மறைந்த வரிகளையும் காட்டச் சொன்னால் மூலக் கோப்புறையின் (எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதன்) எண் 2 என்று தெரியும். ஏன் 1 இல்லை என்றால், 1 கெட்டுப்போன பிளாக்குகளின் பட்டியலுக்குரியது. பூஜ்யத்துக்கு ‘இந்த வரி காலி’ என்று பொருள், ஆகவே எந்தக் கோப்பும் அதைப் பெறாது. 1 முதல் 10 வரை கோப்பு முறைமை தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்கிறது; 8 ஜர்னலுக்கு (செய்யப்போகும் மாற்றங்களை முன்னதாகக் குறித்து வைக்கும் ஏட்டுக்கு) போகிறது. தொலைந்த கோப்புகளுக்காக வடிவமைப்பின்போதே ஒரு கோப்புறை உருவாகியிருக்கும் பாருங்கள், அதற்கு 11.

இப்போது ஒரு கோப்பை உருவாக்குங்கள். 12 வரும். அதை அழித்துவிட்டு வேறு பெயரில் இன்னொன்றை உருவாக்குங்கள். மறுபடியும் 12 வரும். (புதிய பதிப்புக் கருவியால் வடிவமைத்த டிஸ்க்கில் 12 க்குப் பதிலாக 13 வரலாம்; அதுவும் இப்படியே திரும்ப வரும்.) ஐநோடுகளுக்கும் குழுதோறும் ஒரு பிட்மேப் உண்டு. அதில் முதல் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று தேடி, அதை 1 ஆக்கி, அந்த இடத்துக்குரிய எண்ணைக் கொடுப்பதுதான் வேலை. இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றால், குழுவின் பூட்டைப் பிடித்துக்கொண்டு பிட்டைச் சோதிப்பதும் மாற்றுவதும் ஒரே மூச்சில் நடக்கும். பிந்தியவர் அடுத்த பூஜ்யத்தைத் தேடிப் போவார். சர்வே எண் உவமை இங்கே உதவாது. செத்தவரின் எண்ணை அன்றைக்கே பிறந்த குழந்தைக்குக் கொடுக்கும் அலுவலகம் இது.

அடுத்து மூலத்தில் நான்கு கோப்புறைகள் உருவாக்குங்கள்: ஈரோடு, கரூர், பொள்ளாச்சி, கோபி. 13, 14, 15, 16 வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். வருவதோ 16385, 40961, 8193, 57345 போன்ற எண்கள். உங்களுக்கு வேறு எண்கள் வரலாம், வரிசையும் மாறலாம். எது வந்தாலும் ஒன்றைக் கழித்து 8192 ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. ஒவ்வொரு கோப்புறையும் தனித்தனிக் குழுவில் முதல் இடத்தைப் பிடித்திருக்கிறது.

இது ஓர்லோவ் என்பவரின் பெயரால் வழங்கும் ஒதுக்கீட்டு முறை. மூலத்தில் உள்ள கோப்புறைகளுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பு இராது என்று ஊகித்து அவற்றைத் தள்ளித் தள்ளி வைக்கும். கோப்புறைக்குள் வரும் கோப்புகளை அதே குழுவில் அருகிலேயே வைக்கும், சேர்ந்து படிக்கப்படும் என்ற கணக்கில். ‘ஈரோடு’ கோப்புறைக்குள் ஒரு கோப்பை உருவாக்குங்கள். என் கணக்கில் ஈரோட்டுக்கு 16385 கிடைத்ததால் உள்ளே வந்த கோப்புக்கு 16386. சுழலும் டிஸ்க்கில் படிக்கும் முனை அலைவதைக் குறைக்கப் பிறந்த யோசனை இது. வீட்டைச் சுற்றித் தோட்டம் இருந்தால் நடை மிச்சம்.

எண்ணைப் பிரித்துப் படியுங்கள்

குறித்து வைத்த 131085 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். என் டிஸ்க்கிலும் குழுவுக்கு 8192 ஐநோடுகள்தான் (உங்கள் டிஸ்க்கில் எவ்வளவு என்று ‘டம்ப்இ2எஃப்எஸ்’ கட்டளை சொல்லும்). ஒன்றைக் கழித்தால் 131084. எண்ணிக்கை 1 இல் தொடங்குவதால்தான் இந்தக் கழித்தல். 8192 ஆல் வகுத்தால் ஈவு 16, மீதி 12. பூஜ்யத்திலிருந்து எண்ணும் கணக்கில் 16ஆவது குழு, அதன் அட்டவணையில் 12ஆவது இடம். ஓர் இடம் 256 பைட். 12 ஐ 256 ஆல் பெருக்கினால் 3072. அட்டவணையின் முதல் பிளாக்கிலேயே, 3072ஆம் பைட்டில் நம் கோப்பின் ஐநோடு தொடங்குகிறது.

சரிபார்க்க ‘டீபக்எஃப்எஸ்’ கருவியில் ‘ஐமேப்’ என்று ஒரு கட்டளை உண்டு. நாம் உருவாக்கிய சோதனை டிஸ்க்கில் 16386 ஐக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது குழு என்றும், பிளாக்குக்குள் தள்ளிவைப்பு 0100 என்றும் வரும். அது பதினாறடிமான எண், பத்தடிமானத்தில் 256. தாளில் நீங்கள் போட்ட கணக்கும் அதுதானே? எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். கெர்னல் எதையும் தேடவில்லை. ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல், அதற்குள் வீட்டு வாசலில் நிற்கிறது. எக்ஸ்ட்4 எண் என்பது முகவரி.

எண் தீர்ந்துபோகும் நாள்

முகவரிகளை முன்கூட்டியே அளந்து வைத்ததால் அவை தீர்ந்தும் போகும். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், வெட்டிக் கட்டிய ஒவ்வொரு துணி பண்டிலுக்கும் ஒரு சிறு கோப்பு எழுதும் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் டிஸ்க்கில் இடமில்லை என்று நின்றுவிட்டது. ‘டிஎஃப்’ பார்த்தால் பாதிக்கு மேல் காலி. ‘டிஎஃப்’ கட்டளைக்கு ‘ஐ’ விருப்பம் கொடுத்துப் பார்த்தால்தான் ஐநோடு 100 சதவீதம் தீர்ந்தது தெரிந்தது. இரண்டுக்கும் கெர்னல் ஒரே பிழைச் செய்தியைத்தான் கொடுக்கும். எந்தக் கோப்புறை அதிகம் தின்றது என்று ‘டியூ’ கட்டளையின் ‘ஐநோட்ஸ்’ விருப்பம் காட்டும். வடிவமைத்து முடித்த எக்ஸ்ட்4 இல் விகிதத்தை மாற்ற முடியாது. டிஸ்க்கைப் பெரிதாக்கினால் புதிய குழுக்களோடு புதிய ஐநோடுகள் வரும், இல்லையென்றால் வேண்டாததை அழிக்க வேண்டும். சிறு கோப்புகள் குவியும் என்று தெரிந்தால் வடிவமைக்கும்போதே 16384 க்குப் பதிலாக 4096 என்று சொல்லிவிடுங்கள்.

மற்ற முறைமைகளின் வழக்கம்

எக்ஸ்எஃப்எஸ் முறைமையும் எண்ணை முகவரியாகத்தான் வைத்திருக்கிறது. எந்த ஒதுக்கீட்டுக் குழு, அதில் எந்த பிளாக், பிளாக்கில் எத்தனையாவது இடம் என்ற மூன்றும் எண்ணின் பிட்களிலேயே அடங்கியிருக்கும். ஆனால் முன்கூட்டியே கல் நடுவதில்லை. தேவைப்படும்போது 64 ஐநோடுகள் கொண்ட துண்டுகளாக உருவாக்கிக்கொள்கிறது. பெரிய டிஸ்க்கில் முகவரி பெரிதாவதால் எண்ணும் 32 பிட்டைத் தாண்டிவிடும். பழைய நிரல்களுக்கு அது ஒத்துவராது என்பதற்காக, ஐநோடுகளை டிஸ்க்கின் முன்பகுதியிலேயே அடக்கி வைக்கும் ஏற்பாடு வெகுகாலம் இருந்தது. அந்த முன்பகுதி நிரம்பிவிட்டால், பின்னால் டெராபைட் கணக்கில் காலியாக இருந்தாலும் இடமில்லை என்று சொல்லிவிடும். லினக்ஸ் 3.7 முதல் 64 பிட் எண்தான் இயல்பு.

பிடிஆர்எஃப்எஸ் முற்றிலும் வேறு குணம். அங்கே எண் முகவரி இல்லை, வெறும் வரிசை எண். 256 மூலக் கோப்புறைக்கு. முதல் கோப்புக்கு 257. பிறகு ஏறிக்கொண்டே போகும். அழித்துவிட்டு உருவாக்கினால் பழைய எண் திரும்ப வராது. ஐநோடு எங்கே கிடக்கிறது என்பதை ஒரு மரத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு துணைத் தொகுதிக்கும் வரிசை தனியாகத் தொடங்குவதால், ஒரே டிஸ்க்கில் பல 256 கள் இருக்கும். எந்த டிஸ்க், எந்தத் தொகுதி என்று பிரித்துக் காட்டும் சாதன எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவை வேறு வேறு என்று தெரியும். பத்திர எழுத்தர் கிராமத்தின் பெயரைக் கேட்டது வீண் இல்லை.

டிஸ்க்கே இல்லாத கோப்புகள்

நிரல்கள் ஒன்றுக்கொன்று தரவு அனுப்பிக்கொள்ளும் பைப், சாக்கெட் போன்றவையும் கெர்னலுக்குள் ஐநோடுதான். அவற்றுக்கு டிஸ்க்கும் இல்லை, பிட்மேப்பும் இல்லை. யாராவது எண் கொடுக்க வேண்டுமே! கெர்னலில் ‘கெட் நெக்ஸ்ட் ஐநோ’ என்றொரு சிறு செயற்கூறு இருக்கிறது. அடுத்த எண் என்ன என்று கேட்டால் கொடுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. கணினியில் பல சிபியுக்கள். எல்லாரும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே எண்ணியின் முன் வரிசையில் நின்றால் நெரிசல். கையடக்க மெஷின் வருவதற்கு முன் பஸ் கண்டக்டர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு பயணிக்கும் டிப்போவுக்கு ஓடவில்லை. காலையில் டிக்கெட் கட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள், தீர்ந்ததும் அடுத்த கட்டு. இங்கேயும் ஒவ்வொரு சிபியுவும் பொது எண்ணியிடமிருந்து 1024 எண்களை ஒரே கட்டாக எடுத்துக்கொள்கிறது. கட்டு தீரும்வரை வேறு யாரையும் கேட்க வேண்டாம், பூட்டும் வேண்டாம். பூஜ்யம் வந்தால் மட்டும் தாண்டிப் போகும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ‘புராக்’ கோப்பு முறைமையில் ‘செல்ஃப்’ என்பதன் கீழ் ‘எஃப்டி’ கோப்புறையை ‘எல்எஸ்’ கட்டளையின் ‘எல்’ விருப்பத்தோடு பட்டியலிட்டு, விடையைப் பைப் வழியாக ‘கேட்’ கட்டளைக்கு அனுப்புங்கள். பட்டியலில் பைப் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் வரும். பத்து முறை ஓட்டுங்கள். மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும் எண் திடீரென்று ஆயிரக்கணக்கில் தாவினால், உங்கள் டெர்மினல் வேறு சிபியுவுக்கு மாறி, வேறு கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கியிருக்கிறது.

இந்த எண்ணி 32 பிட்தான். சுமார் 429 கோடிக்குப் பிறகு சுற்றி வந்து முதலிலிருந்து தொடங்கும். 429 கோடி தீராது என்று நினைத்தார்கள், தீர்ந்தது. நினைவகத்தில் இயங்கும் டெம்ப்எஃப்எஸ் முறைமையும் ஒரு காலத்தில் இதே எண்ணியைத்தான் நம்பியிருந்தது. ஓயாமல் ஓடும் பெரிய சர்வர்களில் எண் ஒரு சுற்று முடிந்து, உயிரோடு இருக்கும் இரண்டு வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வந்து சேர்ந்தது. சாதன எண்ணும் ஐநோடு எண்ணும் ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒரே கோப்பு என்று நிரல்கள் முடிவு கட்டின. 2020இல் வெளிவந்த லினக்ஸ் 5.9 இல் டெம்ப்எஃப்எஸ் ஒவ்வொரு மவுண்டுக்கும் தனி எண்ணியும், விரும்பினால் 64 பிட் எண்ணும் பெற்றது.

சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன்

பென் டிரைவைச் செருகி, கோப்புகளின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முறையாகக் கழற்றி மறுபடி செருகுங்கள். எண்கள் மாறியிருக்கும்! யாரும் எதையும் தொடவில்லை.

ஃபேட் முறைமையின் டிஸ்க் அமைப்பில் ஐநோடு என்ற ஒன்றே கிடையாது. பெயர், அளவு, தரவு தொடங்கும் முதல் கிளஸ்டர் (டிஸ்க் துண்டு) எல்லாம் கோப்புறையின் வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். லினக்ஸுக்கோ எண் இல்லாமல் வேலை ஓடாது. ஆகவே கோப்பை முதன்முதலாக நினைவகத்துக்குக் கொண்டுவரும்போது, அந்த நேரத்தில் அந்த மவுண்டில் யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணைத் தேடிக் கொடுக்கிறது. டிஸ்க்கில் அதை எழுதுவதில்லை. ஈரோடு ரயில் நிலையத்தில் சைக்கிளை விட்டால் டோக்கன் கொடுப்பார்கள். நாளைக்கு அதே சைக்கிளுக்கு வேறு டோக்கன். யாரும் நேற்றைய டோக்கனைக் கொண்டுபோய்ச் சண்டை போடுவதில்லை. ஆனால் பென் டிரைவில் ஐநோடு எண்ணை நம்பி நகல் எடுக்கும் நிரல் எழுதுகிறவர்கள் போடுகிறார்கள்.

நான் பட்டது

ஒரு நூல் குடோனில் எடை இயந்திரம் தினமும் ஒரு பதிவுக் கோப்பு எழுதும். அதைப் படித்து மையக் கணினிக்கு அனுப்பும் நிரலை நான்தான் எழுதினேன். எங்கே நிறுத்தினேன் என்பதை நினைவில் வைக்க, ஐநோடு எண்ணையும் படித்த பைட்டின் எண்ணிக்கையையும் ஒரு வரியில் சேமித்தேன். கோப்பின் பெயர் மாறினாலும் எண் மாறாதே என்ற மிதப்பு.

இரவில் பழைய கோப்பு வேறு டிஸ்க்குக்கு நகர்த்தப்படும், அதாவது இங்கே அழிக்கப்படும். காலையில் முதல் மூட்டை ஏறியதும் புதுக் கோப்பு பிறக்கும். மேலே 12 ஐ அழித்தபோது மறுபடி 12 வந்ததே, அதேதான் நடந்தது. புதுக் கோப்புக்கு நேற்றைய எண். என் நிரல் அதைப் பழைய கோப்பு என்று நம்பி, நேற்று நிறுத்திய பைட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. கோப்பு அந்த அளவுக்கு வளரும்வரை எதுவும் அனுப்பவில்லை. வளர்ந்த பிறகு நடுவிலிருந்து அனுப்பியது. தினமும் காலைச் சரக்கு காணாமல் போனது. நூற்பாலையின் பில்லும் எங்கள் வரவும் ஒட்டவில்லை என்று கணக்குப் பிள்ளை சொன்னபோது, முதலில் எடை இயந்திரத்தின் கேபிளைத்தான் மாற்றினேன்.

கெர்னலுக்கு இந்தச் சிக்கல் முன்பே தெரியும். வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக வேறு கணினியிலிருந்து ஒருவர் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது, இங்கே அது அழிந்து அதே எண்ணில் வேறு கோப்பு பிறந்துவிட்டால்? அதற்காக எக்ஸ்ட்4 ஒவ்வோர் ஐநோடிலும் தலைமுறை எண் என்று ஒன்றை வைத்திருக்கிறது. எண் ஒன்றாக இருந்தாலும் தலைமுறை எண் ஒத்துப்போகாவிட்டால், உங்கள் கைப்பிடி காலாவதியாகிவிட்டது என்ற பிழை திரும்பும். ‘எல்எஸ்அட்டர்’ கட்டளையின் ‘வி’ விருப்பம் அந்த எண்ணைக் காட்டும். சோதனை டிஸ்க்கில் 12 ஐ அழித்து உருவாக்கும்போது இதையும் பாருங்கள். ஐநோடு எண் 12 ஆகவே இருக்கும், தலைமுறை எண் மாறியிருக்கும்.

என் நிரலில் இப்போது சாதன எண், ஐநோடு எண், கோப்பு பிறந்த நேரம் மூன்றும் ஒத்தால்தான் பழைய கோப்பு. கோப்பின் அளவு சேமித்த பைட்டைவிடக் குறைவாக இருந்தால், மற்றவை ஒத்தாலும் முதலிலிருந்து படிக்கும். இன்றைய எக்ஸ்ட்4 பிறந்த நேரத்தை ஐநோடிலேயே எழுதி வைப்பதால் இது முடிகிறது. ‘ஸ்டாட்’ அதைக் காட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. தட்டச்சு செய்ய முடியாத பெயருள்ள கோப்பை ‘ஃபைண்ட்’ கட்டளையில் ஐநோடு எண்ணைக் கொடுத்து அழிப்பது நல்ல உத்தி. ஆனால் வேறு கோப்பு முறைமைக்குள் நுழையாதே என்று சொல்லும் ‘எக்ஸ்டெவ்’ விருப்பத்தைச் சேர்க்காமல் மூலத்திலிருந்து ஓட்டினால், இன்னொரு டிஸ்க்கில் அதே எண் கொண்ட அப்பாவிக் கோப்பும் சேர்ந்து போய்விடும். முதலில் அழிக்கும் பகுதியை விட்டுவிட்டு, என்ன பட்டியல் வருகிறது என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதனை டிஸ்க்கை ‘அமவுண்ட்’ செய்யுங்கள். அந்த 1 ஜிபி கோப்பின் ஐநோடு எண்ணைக் குறித்துக்கொண்டு அதை அழித்துவிடுங்கள். பிறகு அதே கோப்புறையில் ‘டச்’ போட்டு ஒரு புதுக் கோப்பை உருவாக்கி, அதற்கு எந்த எண் வந்திருக்கிறது என்று பாருங்கள்.